'இது என்ன கார் பாஸ்?' - ஷோவில் யாரும் கண்டுக்காத ஸ்டாண்டர்டு கஸெல்... வாங்க, வைத்திருக்க ஒரு முழு கைடு!

பழைய கார் ஷோவுக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? ரோல்ஸ் ராய்ஸ் முன்னால் செல்ஃபி க்யூ நிற்கும். படகு சைஸ் அமெரிக்க கார் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். அம்பாஸடர், ஃபியட் பக்கம் போனால், "எங்க தாத்தாகிட்ட இருந்துச்சு" என்று நாலு பேர் கதை சொல்வார்கள். ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தால், ஓரமாக, நாலு கதவோடு, சின்னதாக ஒரு கார் நிற்கும். பார்க்கிறவர்கள் ஒரு நொடி நிற்பார்கள். "ஹெரால்டு மாதிரி இருக்கு... ஆனா ஹெரால்டு இல்லையே?" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள்.

அதுதான் ஸ்டாண்டர்டு கஸெல். நம்ம சென்னைக்காரர். பெருங்களத்தூர் பக்கம் பிறந்தவர். சொந்த ஊரிலேயே பெயர் தெரியாமல் போன கார்!

வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு கஸெல் கிடக்கிறதா? இல்லை, எங்கேயாவது விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டீர்களா? "ஹெரால்டா இருந்தா வாங்கலாம், இதை வெச்சு என்ன பண்றது?" என்று யோசிக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல்ல, இவர் யார்?

1948-ல் சென்னையில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டு. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் என்று கார்கள் வந்தன. 1961-ல் வந்தது ஹெரால்டு.

ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-ல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டுதான். இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த டிசைன். அம்பாஸடரும் ஃபியட்டும் குண்டுகுண்டாக இருந்த சாலையில் இது மட்டும் கூர்மையான கோடுகளோடு ஸ்டைலாக நின்றது. முதலில் இரண்டு கதவு. நம்ம ஊர் குடும்பத்துக்கு இரண்டு கதவு எப்படிப் போதும்? அதனால் 1960-களிலேயே நாலு கதவு ஹெரால்டும் இங்கே வந்துவிட்டது.

அதற்கு அடுத்த கட்டம்தான் கஸெல். 1972 முதல் 1977 வரை, அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் தயாரானது. பெயர் ஒரு மான் இனத்துடையது. வெளிநாட்டு டிசைனை அப்படியே அச்செடுக்காமல், இங்கே இருக்கும் சாலைக்கும் மெக்கானிக்குக்கும் ஏற்ற மாதிரி இங்கேயே மாற்றிச் செய்த கார். கஸெலின் முக்கியத்துவமே அதுதான்.

1977-க்குப் பிறகு அந்த கம்பெனி சில வருடங்கள் வேன் போன்ற வணிக வாகனங்களோடு நிறுத்திக்கொண்டது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்தது. அதுவும் சில வருடங்கள்தான். தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அங்கே தினமும் வேலைக்குப் போகும் உங்களில் பலருக்கு, காலுக்குக் கீழே ஒரு கார் ஃபேக்டரி இருந்தது தெரியாமலே இருக்கலாம்.

ஹெரால்டா, கஸெலா? கண்டுபிடிப்பது எப்படி?

மூன்றே விஷயம் பாருங்கள்.

ஒன்று, பானெட். ஹெரால்டில் பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கமாக முதலை வாய் மாதிரி மொத்தமாகத் திறக்கும். இன்ஜின், முன் சக்கரம் எல்லாம் வெளியே தெரியும். கஸெலில் மட்கார்டு அசையாது. நடுவில் இருக்கும் பானெட் மட்டும் தனியாகத் தூக்கும். தயாரிப்புச் செலவைக் குறைக்கச் செய்த மாற்றம் இது.

இரண்டு, பின் அச்சு. ஹெரால்டில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். வேகமாக வளைவில் திரும்பினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். நம்ம மெக்கானிக்குகளுக்கும் இது தலைவலி. கஸெலில் அதை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் சாதாரண கட்டை அச்சைப் போட்டார்கள். சொகுசில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று, முகம். முன் கிரில்லும் பின்பக்கமும் ஹெரால்டு மாதிரி இருக்காது.

உள்ளே இருக்கும் இன்ஜின் மட்டும் அதே 948 சி.சி., நாலு சிலிண்டர் பெட்ரோல். இன்றைய சின்ன ஹேட்ச்பேக்கின் 1,000 சி.சி. இன்ஜின் அளவுதான். ஆனால் சக்தி அதில் ஏறக்குறைய பாதி. அதனால் ஈ.சி.ஆரில் 'சீன்' போடும் ஆசை இருந்தால், இப்பவே தாவி அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்!

ஏன் ஷோக்களில் காணோம்?

கம்மியாகத் தயாரானது முதல் காரணம். அது மட்டும் என்றால், 'அரிய கார்' என்று தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். உண்மையான காரணம் வேறு.

1970-களின் இந்திய கார் என்றாலே ரசிகர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. போருக்கு முந்தைய கார் மாதிரி கம்பீரம் இல்லை, மகாராஜா கதை இல்லை, மேலே திறக்கும் கூரை இல்லை. ஹெரால்டு ரசிகர்களுக்கோ கஸெல் என்றால் 'முதலை வாய் இல்லாத ஹெரால்டு'. அதனால் என்ன நடக்கிறது? கஸெலின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஹெரால்டுக்குப் போகின்றன. மிச்சம் இரும்புக் கடைக்குப் போகிறது. சிலர் கஸெலையே ஹெரால்டு மாதிரி மாற்ற ஆசைப்படுகிறார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்தக் காரில் இன்ஜின் சாமான் கிடைக்கும். முகம் கிடைக்காது. ஹெரால்டோடு பொதுவாக இருக்கும் உதிரிபாகங்களுக்கு உலகம் முழுக்க வழி உண்டு. ஆனால் கஸெலுக்கு மட்டுமே உரிய பானெட், மட்கார்டு, கிரில், பின் விளக்கு ஆகியவை வேறு எந்த நாட்டிலும் தயாரானதே இல்லை. ஒரு கஸெலைப் பிரித்துப் போட்டால், அந்த முகம் ஒன்று நிரந்தரமாகக் குறைகிறது. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு டிப்ஸும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

'இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதா?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கஸெலில் அது கடைசிக் கேள்வி. ஓடாத இன்ஜினை ஓட வைத்துவிடலாம்.

*முகம் முழுசா இருக்கா?* கிரில், ஹெட்லைட் வளையம், பின் விளக்குக் கண்ணாடி, பேட்ஜ், கதவுக் கைப்பிடி, மீட்டர் போர்டு. ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு வண்டி விலைக்கு வருகிறதா? ஓடுகிற, ஆனால் முகம் குறைந்த கஸெலைவிட, ஓடாத, ஆனால் முழுசாக இருக்கும் கஸெலே மேல். 'கழட்டி வெச்சது மாடில இருக்கு சார்' என்று சொன்னால், மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

*துரு எங்கே?* ஹெரால்டு குடும்பத்து கார்களில் பாடி தனி, சேஸிஸ் தனி. சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதனால் வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும், கீழே இரும்பு உளுத்துப் போயிருக்கலாம். வண்டியைத் தூக்கச் சொல்லி, சேஸிஸ் முழுக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'சொத்' என்றால் யோசிக்கணும். பாடியில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று தெரிய, ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம்.

*முன் சக்கரம்.* இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டு வழி வந்த முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்பும் இடத்தில் கீழே ட்ரனியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. அதற்கு கிரீஸ் இல்லை, கெட்டியான கியர் ஆயில்தான் போடணும். பல மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். ஆயில் இல்லாமல் காய்ந்து, உள்ளே துருப்பிடித்தால், ஒருநாள் அந்தக் கம்பி உடைந்து சக்கரம் அப்படியே மடங்கிவிடும். வாங்கினதும் முதல் வேலையாக இதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அதுவரை மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

*பேப்பர்.* ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகணும். இன்ஜின் மாற்றியிருந்தால், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கணும். சொந்தக்காரர் காலமாகிவிட்டார், வாரிசுகள் நாலு பேர் என்றால், நாலு பேர் சம்மதமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 1970-களின் ஆர்.சி. புத்தகங்கள் பல இன்னும் ஆன்லைனில் ஏறாமல் இருக்கும். அப்படி இருந்தால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அதை ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்கணும். பிறகுதான் பெயர் மாற்றம். பேப்பரே இல்லாத வண்டியை 'சும்மா தர்றேன்' என்றாலும் யோசியுங்கள்.

50 வயசு கணக்கு!

'15 வருஷம் ஆச்சுன்னா காரை உடைச்சுடணுமாமே?' என்று பலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோக காருக்கு அப்படி இல்லை. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, வண்டியைக் காட்டி பதிவைப் புதுப்பிக்கணும். பசுமை வரியும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி இதற்குத் தகுதியானது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவு என்றால் வி.ஏ. எழுத்துகளோடு தனி நம்பர் வரும்.

ஆனால் ஒரு கண்டிஷன். வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் தினசரி ஆபீஸுக்கு எடுத்துப்போக முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்காக மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். அதனால் வாரம் ஒருமுறை குடும்பத்தோடு மாமல்லபுரம் போகும் ஆசை இருந்தால், சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

கஸெலுக்கு இது ஏன் முக்கியம்? 1972-ல் வந்த முதல் கஸெலுக்கு 2022-ல் 50 ஆனது. 1977-ல் வந்த கடைசி கஸெலுக்கு 2027-ல் 50 ஆகும். யாரும் மதிக்காத கார் ஒன்று, சட்டப்படி 'வின்டேஜ்' ஆகிற நேரம் இது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டு மூக்கு ஒட்டிய கஸெலுக்கு இந்தக் கதவு மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம். 'அழகு பண்றேன்' என்று வெல்டிங் மெஷினைத் தொடும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸ்? தேர்டு பார்ட்டி கட்டாயம். முழு பாலிசி எடுத்தால், ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். வேலை செய்த பில், போட்டோ எல்லாம் கையில் இருந்தால் பேச வசதி.

ஓட்டுறது எப்படி இருக்கும்?

நீங்கள் ஓட்டிப் பழகிய காரை மறந்துவிடுங்கள்.

முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருண்டுகொண்டு இருக்கும்போது முதல் கியருக்குத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று கத்தும். முழுசாக நிறுத்திவிட்டுப் போடுங்கள். பிரேக், இன்றைய கார் மாதிரி தொட்டதும் பிடிக்காது. காலால் அழுத்தி மிதிக்கணும். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் எப்போதும் கூடுதல் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழையத்தான் செய்யும். நுழையட்டும், இன்னும் கொஞ்சம் பின்தங்குங்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு அற்புதமும் உண்டு. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று பெயர் வாங்கியது. மயிலாப்பூர் சந்துகளில் இன்றைய எஸ்.யூ.வி. மூன்று முறை முன்னும் பின்னும் போகும் இடத்தில், இது ஒரே திருப்பில் திரும்பிவிடும்.

வெயில்தான் எதிரி. டிராஃபிக்கில் சூடு முள் ஏறினால், வெட்கப்படாமல் ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பழைய ரேடியேட்டரின் உள்பகுதியை மட்டும் புதிதாக மாற்றித்தரும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. முதல் கோடைக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

பெட்ரோல்? இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து உளுத்துவிடும். பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு என்றால் தீ. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரு தீயணைப்பான் எப்போதும் வண்டிக்குள் இருக்கட்டும்.

பேட்டரி மாற்றும்போது இன்னொரு கவனம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். உங்கள் வண்டியில் எது என்று பார்க்காமல் ஒயரை மாட்டினால் புகைதான் வரும்.

சாமான் எங்கே கிடைக்கும்?

பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணையும் அளவையும் சொன்னால் நல்ல பேரிங் கடையில் ஜோடி கிடைத்துவிடும். 'ஸ்டாண்டர்டு கஸெலுக்கு வேணும்' என்று கேட்டால்தான் 'இல்லை' என்பார்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் ஒரு நாள் முழுக்க சுற்றவேண்டிய இடங்கள். போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேய்ந்த பிரேக் சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல லேத் பட்டறையில் உள்ளே புது ஸ்லீவ் அடித்துத் தருவார்கள். இன்ஜின் சாமானுக்கு இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்கான கடைகள் ஆன்லைனில் விற்கின்றன. ஆர்டர் போடும் முன் 948 சி.சி. என்பதைச் சொல்லுங்கள். அங்கே பின்னால் வந்த பெரிய இன்ஜின் ஹெரால்டுகளும் உண்டு, எல்லாம் ஒத்துவராது. சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்த கிரில், நசுங்கிய மட்கார்டு? அவற்றை 'மாற்று' என்று சொல்ல வழியில்லை. நிமிர்த்தித்தான் ஆகணும். கையால் தகடு தட்டி வளைக்கத் தெரிந்த ஒரு டிங்கரிங் மாஸ்டரைத் தேடிப் பிடியுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. ஒரு கஸெலை நிமிர்த்தும் செலவு, அதை வாங்கிய விலையைத் தாண்டுவது சகஜம். 'ரெடி பண்ணி வித்தா லாபம்' என்ற கணக்கோடு வந்தால் ஏமாறுவீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் போன்தான் இதில் பெரிய ஆயுதம். ஒரு நட்டைக் கழற்றும் முன், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கிரில், விளக்கு, பேட்ஜ் எல்லாவற்றையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்து அளவோடு எடுத்து வையுங்கள். வேறு ஊரில் உடைந்த கிரில்லோடு நிற்கும் இன்னொரு கஸெல்காரருக்கு அது வரைபடம் மாதிரி உதவும்.

ஷோவுக்கு எப்படிக் கொண்டுபோவது?

மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. முதலில் காரில்லாமல் ஒரு ஷோவுக்குப் போய் ஆட்களோடு பேசிப் பழகுங்கள். நல்ல மெக்கானிக்கின் நம்பர் அங்கேதான் கிடைக்கும்.

வண்டியைக் கொண்டுபோகும்போது பளபளப்பில் போட்டி போடாதீர்கள். ரோல்ஸ் ராய்ஸ்கூட அதில் ஜெயிக்க முடியாது. பதிலாக ஒரு அட்டையில், தமிழில், பெரிய எழுத்தில் ஐந்து வரி எழுதி வையுங்கள். பெயர், வருஷம், எங்கே தயாரானது, ஹெரால்டிலிருந்து என்ன மாறியது, உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது. பானெட்டைத் திறந்து வையுங்கள். பழைய பில், ஓனர் புத்தகம், தாத்தா ஸ்டீயரிங்கைப் பிடித்து நிற்கும் போட்டோ இருந்தால் கண்ணாடி ஓரத்தில் மாட்டுங்கள். ஒரிஜினல் பெயின்ட் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே விடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தாம்பரம், வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. உங்கள் கஸெலை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் எடுத்துப்போய் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திப் பாருங்கள். யாராவது ஒருவர் மெதுவாக நடந்து வந்து, பானெட்டைத் தடவி, "தம்பி, இது எந்த வருஷ வண்டி?" என்று கேட்கலாம். அப்போது போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, அவரைப் பேச விடுங்கள். எந்தக் கம்பெனி கையேட்டிலும் இல்லாத விஷயம் அதில் இருக்கும்.

சரி, வாங்கலாமா, வேண்டாமா?

நிறுத்த மூடிய இடம் இல்லை, ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும், அதுவும் தினமும் ஓடணும் என்றால், வேண்டாம். ஷோவில் பார்த்து ரசியுங்கள்.

இடம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, முகம் முழுசாக இருக்கும் ஒரு வண்டி கண்ணில் பட்டது என்றால், தயங்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டு ஷெட்டிலேயே கிடக்கிறது என்றால் இன்னும் சுலபம். இரும்புக் கடைக்காரர் எடை போட வரும் முன், இந்த வாரமே தார்ப்பாயை எடுத்துவிட்டு, சேஸிஸ் எண்ணை ஒரு போட்டோ எடுங்கள். ஆர்.சி. புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.